இரும்புத்தண்டும் நுணுக்குக்காட்டியும்

எனக்கு இலக்கணங் கற்பித்த ஆசிரியர் தமது இறுதிக்காலத்திற் பெற்ற மகளையே யாரென்று அறியாதவராயினார். சூத்திரமும் உரையும் உதாரணமும் நாவின் நுனியில் நின்ற பெருந்தகை அவர். ஏட்டைத் திறவாமலே இரண்டு மணி நேரம் பாடஞ் சொல்லுவார். உரையாசிரியர் இருவர் எங்கே ஒத்துச் செல்கின்றனர், எங்கே மாறுபடுகின்றனர் என்பதைத் திண்ணையில் இருந்தவாறே எடுத்துக் காட்டுவார். எழுபது வயதை அண்மியபொழுது, ஒரு சூத்திரத்தின் முதலடியைச் சொல்லிவிட்டு இரண்டாமடிக்கு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் முதலடியும் போயிற்று. அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று ஊரார் ஒரு சொல்லில் முடித்துக்கொண்டனர். யானும் அச்சொல்லுக்கு அப்பால் ஒன்றையும் ஆராய்ந்தேனல்லேன். சென்ற ஆண்டு, பண்டித வகுப்பிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருக்கையில், நூறுமுறை கற்பித்த ஒரு சூத்திரம் என் வாயில் நடுவே அறுந்து நின்றது. மாணாக்கர் குனிந்து புத்தகத்தைப் பார்ப்பவர்போலப் பாவனை செய்தனர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வைத்தியராயிருக்கும் பழைய மாணாக்கர் ஒருவரிடம் சென்றேன். அவர் என் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் அளந்தார். பல வினாக்களை வினாவினார். ஐம்பதைக் கடந்தோர்க்கு இத்தகைய தடுமாற்றம் எப்போதாவது நேர்வது நோயன்று என்றார். பின்பு, நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கும்படி பணித்தார். மருந்துக்குப் போனவனுக்கு நடையை விதித்தது எனக்கு உவப்பாயிருக்கவில்லை. காலுக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாது அலுமாரியிலிருந்து ஒரு தடித்த நூலை எடுத்துத் தந்தார். சந்தியாகோ இராமோன் இ கஹால் என்னும் ஸ்பானிய விஞ்ஞானியின் சுயசரிதை அது. 1937 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. மூளையின் நுண்ணமைப்பை உலகுக்குக் காட்டியவர் என்று அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். அந்நூலை ஒரு வாரத்திற் படித்து முடித்தேன். இலக்கண ஆசிரியன் ஒருவன் வைத்திய விஞ்ஞானியின் சரிதத்தை எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

கஹால் 1852 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஸ்பெயினின் வடபாகத்திலே, பெத்தில்லா என்னும் மலைநாட்டுச் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ வறுமையிலிருந்து தம் முயற்சியால் உயர்ந்த சத்திரவைத்தியர், கண்டிப்பானவர். மைந்தனோ கண்ட சுவரிலெல்லாம் சித்திரம் வரைபவன். ஓவியம் சோம்பேறிகளின் தொழில் என்பது தந்தையாரின் முடிவு. அயேர்பே என்னும் ஊரில் வாழ்ந்த காலத்தில், பதினொரு வயதுச் சிறுவன் மரத்துண்டினாற் பீரங்கி செய்து அயலவருடைய தோட்டக் கதவைச் சிதைத்து, அதற்காகச் சில நாள் மறியலும் இருந்தான். ஹாக்காவிலே துறவிகள் நடத்திய பள்ளியில் இலத்தீனை நெட்டுருப் பண்ணும்படி அடித்தும் பட்டினியிட்டும் பார்த்தார்கள், பயனில்லை. அவ்விடத்தைப் படித்தபோது என் கை நூலின் பக்கத்திலே சற்றுத் தயங்கிற்று. நெட்டுருவையே கல்வியின் அத்திவாரமாகக் கொண்ட மரபிலே வந்தவன் யான். தந்தையார் அவனை முடிதிருத்துவோரிடத்திலும் சப்பாத்துத் தைப்பவரிடத்திலும் தொழில் பழக விட்டார். சப்பாத்துத் தொழிலில் அவன் கெட்டிக்காரனானான் என்பதையும் சொல்லவேண்டும்.

மைந்தனைத் திருத்தும் வழியைத் தந்தையார் எதிர்பாராத இடத்திற் கண்டார். 1868 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு மயானத்துக்குச் சென்று, அங்கே கிடந்த மனித எலும்புகளைத் திரட்டி வந்து உடற்கூற்றைக் கற்பித்தார். எலும்பை வரையலாம் என்று கண்டதும் பையனுடைய கண் திறந்தது. வீணென்று ஒறுக்கப்பட்ட ஓவியமே விஞ்ஞானத்துக்கு வாயிலாயிற்று. சரகோசா நகரத்து வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, 1873 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

அந்த மாணவப் பருவத்திலேதான், எனது வினாவுக்குத் தொடர்பான சங்கதி நிகழ்ந்தது. தம்மினும் வலியார் இல்லை என்று இறுமாந்திருந்த கஹால், கைமடக்கிப் பலம் பார்க்கும் போட்டியில் உடன்மாணவன் ஒருவனிடம் தோற்றுப் போனார். அந்த அவமானம் அவரைச் சுட்டது. நகரத்திலிருந்த ஒரு தேகாப்பியாச நிலையத்துக்குச் சென்று அதன் உரிமையாளரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: தாம் தசைகளின் இயல்பைப் பற்றிப் பாடஞ் சொல்வது, அவர் கட்டணமின்றிப் பயிற்சியளிப்பது. வீட்டார்க்கு இது தெரியாது. நாடோறும் இரண்டு மணி நேரம் பாரந் தூக்கியும் கம்பத்தில் ஏறியும் பழகி, ஓராண்டு முடியுமுன் அங்கிருந்தோர் அனைவரிலும் பலசாலியானார். மார்பின் சுற்றளவு 112 சதமமீற்றரைக் கடந்தது. நடை சந்தையிலே வேடிக்கை காட்டும் மல்லனுடைய நடையாயிற்று. கைகுலுக்கினால் எதிரே நிற்பவர் வலியால் முகஞ் சுழிப்பார். ஊன்றுகோலுக்குப் பதிலாக ஓர் இரும்புத்தண்டைக் குடையுறைபோலத் தோன்றும்படி செய்து வீதியிற் சுமந்து திரிந்தார். ஒரு பெண் பொருட்டு வேறோர் இளைஞனோடு மற்போரும் புரிந்தார். பிற்காலத்தில் மிக நுண்ணிய கோடுகளைத் தாளில் இழுத்த அதே கை அக்காலத்தில் இத்தகைய வேலைகளைச் செய்தது.

முதிர்ந்த வயதில் அக்காலத்தை அவர் நகைப்போடும் வருத்தத்தோடும் நினைவு கூர்கிறார். அளவுக்கு மீறிய தேகாப்பியாசம் கல்வியாளனுக்கு ஆகாது. பகலெல்லாம் தசைகளை ஏவிக் களைத்த மூளை இரவிலே புத்தகத்தின்மீது தாள் பறவாதிருக்க வைக்கும் கல்லைப்போல விழுந்து கிடக்கும் என்பது அவருடைய கருத்து. இதனைப் படித்த அளவில் எனக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரீட்சை நெருங்கும்போதெல்லாம் பாடசாலைப் பிள்ளைகளின் தேகாப்பியாசப் பாடவேளையை இரந்து வாங்கி, அதில் இலக்கணங் கற்பித்து வந்தவன் யான். இரந்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையிற் பறித்தேன். உடம்பைப் பேணுதலைப் பற்றித் திருமூலர் கூறியதை வகுப்பில் உருக்கமாக விரித்துரைத்துவிட்டு, மறுவேளையிற் பிள்ளைகளை மைதானத்துக்குப் போகவிடாது மறித்திருக்கிறேன். அதற்கு மூளையை ஆராய்ந்த முதல்வரே சாட்சி சொல்லுகிறார் என்று வைத்தியருக்குத் தொலைபேசியிற் கூறினேன். இன்னும் படியுங்கள், அவர் எழுதியதோடு நில்லாமல் அவருக்குப் பின் வந்ததையும் படியுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

பட்டம் பெற்றதும் கஹாலுக்கு இராணுவ வைத்திய சேவை வாய்த்தது. 1874 ஆம் ஆண்டிற் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஸ்பெயினின் ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி நடந்த காலம் அது. சதுப்பு நிலத்திடையே இருந்த பாசறை வைத்தியசாலைகளில் மலேரியாவும் வயிற்றோட்டமும் அவரைப் பற்றின. இரும்புத்தண்டைச் சுமந்த உடம்பு எலும்புக்கூடாகி 1875 இல் ஊர் திரும்பிற்று. சேவைக்காலத்திற் சேர்த்த பணத்தைக்கொண்டு தவணை முறையில் ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கினார். 1878 இல், நண்பருடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து இரத்தம் வந்தது, சயரோகம். மலைப்பிரதேசத்திலே தங்கியிருந்து, காற்றும் ஓய்வும் உலாவுதலும் உதவ, உயிர் தப்பினார். அங்கே பொழுதுபோக்குக்குப் புகைப்படம் எடுத்தார். மறு ஆண்டில் சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தனர். குறைந்த வருவாயில் அத்தனை பிள்ளைகளையும் வளர்த்து, கணவர் இரவும் பகலும் நுணுக்குக்காட்டியிற் கண்ணை வைத்திருக்க இடங்கொடுத்த அந்த அம்மையாருக்கு விஞ்ஞான சரித்திரத்தில் ஒரு பக்கமேனும் உரியது.

மூளையைப் பற்றி அக்காலத்து அறிஞர் கொண்டிருந்த கொள்கையை ஈண்டுச் சுருக்கமாகச் சொல்லுதல் வேண்டும். உடம்பின் ஏனைய பாகங்கள் தனித்தனிக் கலங்களால் ஆனவை என்பது முடிந்துபோன விடயம். மூளையும் நரம்பும் மாத்திரம் அவ்வாறல்ல. வலையிற் கண்ணிகள்போல ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த ஒரே பின்னல் என்று பலர் கருதினர். இத்தாலியரான கமில்லோ கொல்ஜி என்பார் 1873 இல் வெள்ளி உப்பினால் நரம்புக்கலங்களைக் கறுப்பாகச் சாயமூட்டும் முறையொன்றைக் கண்டுபிடித்திருந்தார். அச்சாயத்தின் சிறப்பு அது எல்லாக் கலங்களையும் பற்றாமையே. அடர்ந்த காட்டிலே சில மரங்கள் மாத்திரம் வேரும் கொம்பும் தோன்றக் கறுத்து நிற்பதுபோல, ஆயிரத்திற் சில கலங்களே முழுமையாகத் தெரியும். 1887 இல் மட்றிட் நகரத்திலே லூயிஸ் சிமாரோ என்னும் வைத்தியரின் வீட்டில் அத்தகைய ஒரு தகட்டைக் கஹால் பார்த்தார். பார்த்தவர் அதை விடவில்லை. சாயத்தை இருமுறை ஏற்றினார். வளர்ந்த மூளை சிக்கல் நிறைந்த காடாகையால், கருவிலுள்ள குஞ்சுகளின் மூளையையும் இளங்குட்டிகளின் மூளையையும் எடுத்துக்கொண்டார். வளர்ந்த காட்டில் வழிதெரியாதவன் நாற்றுமேடையைப் பார்த்தது போன்ற தந்திரம் இது.

1888 ஆம் ஆண்டு அவருக்குப் பொற்காலம். அப்போது அவர் பார்சலோனாவிற் பேராசிரியர். கண்டவற்றை வெளியிட ஏடு இல்லாமையால், தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் தாமே ஒரு சஞ்சிகையைத் தொடங்கி, படங்களையும் தாமே வரைந்து, பிறதேசத்து அறிஞர்க்கு அனுப்பினார். நரம்புக்கலம் ஒவ்வொன்றும் தனித்தது. கிளைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, தொடுகின்றன, ஆயின் ஒன்றாவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஸ்பானிய மொழியில் வந்ததை எவரும் படிக்கவில்லை. சிறிய மொழியிற் பெரிய காரியத்தை எழுதுவோர்க்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது. 1889 இல் தம் தகடுகளைத் தூக்கிக்கொண்டு பேர்லினுக்குச் சென்றார். ஜேர்மானிய உடற்கூற்றியலாளர் கூடிய சபையிலே, திருத்தமற்ற பிரெஞ்சு மொழியில், வந்து பாருங்கள் என்று ஒவ்வொருவரையாக அழைத்தார். அச்சபையின் முதுபெரும் அறிஞர் கோலிக்கர் நுணுக்குக்காட்டியிற் குனிந்து பார்த்தார். பார்த்தபின் கஹாலின் கட்சியைச் சேர்ந்தார். அவர் எழுதியவற்றைப் படிப்பதற்காகவே முதிர்ந்த வயதில் ஸ்பானிய மொழியையும் கற்றார். அம்முதியவரின் செயலைக் கஹாலின் வெற்றியினும் பெரிதாகவே யான் மதிக்கிறேன்.

1894 இல் இலண்டன் றோயல் சங்கத்தார் அவரைக் குரூனியன் விரிவுரைக்கு அழைத்தனர். அவ்விரிவுரையின் ஒரு பகுதி என்னைத் திகைக்க வைத்தது. பயிற்சி மனிதனுடைய அறிவை வளர்க்கின்றதே, அப்போது மூளையில் என்ன நிகழ்கின்றது என்னும் வினாவை அவர் எடுத்துக்கொண்டார். நரம்புக்கலங்கள் கருப்பருவத்தின் பின் பெருகும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. ஆகவே எந்தப் பயிற்சியும் அவற்றின் தொகையைக் கூட்டாது. ஆயின், அடிக்கடி தொழிற்படும் பாகங்களிலே கலங்களின் கிளைகள் பெருகி, ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்புகள் மிகலாம் என்றார். இதனை அவர் மூளையின் தேகாப்பியாசம் என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தார். சரகோசா நகரத்துத் தேகாப்பியாச நிலையத்திலே பழகினால் தசை பெருக்கும் என்று தம் உடம்பிற் கண்டவர், அதே சொல்லைக் கொண்டுபோய் மூளையின் கிளைகளுக்குச் சூட்டினார். அவர் அதனை அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, உடம்பின் பயிற்சிக்கும் மூளையின் பயிற்சிக்கும் இடையே அவர் அன்று ஒரு பாலம் இடவில்லை. ஒன்று மற்றொன்றின் பங்கை உண்டுவிடும் என்ற இளமைக்கால எண்ணமே அவரிடம் நின்றது.

1906 ஆம் ஆண்டின் நொபெல் பரிசு அவருக்கும் கொல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கொல்ஜியோ பரிசுரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். சாயத்தைத் தந்தவர் அச்சாயங் காட்டியதை இறுதிவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியிலே அலோய்ஸ் அல்ஸைமர் என்னும் வைத்தியர், ஐம்பதுகளில் நினைவை இழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி ஒரு சபையிற் பேசினார். அவரும் வெள்ளிச்சாயத்தைக் கொண்டே அம்மூளையில் இருந்த படிவுகளையும் முறுக்குண்ட நார்களையும் கண்டிருந்தார். சபையோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஊரார் அறளை என்று ஒரு சொல்லில் முடிப்பதற்கு உள்ளே இருக்கும் வடிவம் முதன்முதல் அவ்வாறு வெளிப்பட்டது.

கஹால் அதன்பின் நரம்பின் அழிவையும் மீட்சியையும் ஆராய்ந்து, 1913, 1914 ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். கைகால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் மீண்டு வளர முயலும்; மூளையிலும் முள்ளந்தண்டிலும் அது நிறைவேறுவதில்லை. வளர்ந்தவரின் மூளையிலே பாதைகள் முடிந்து நிலைபெற்றுவிட்டன; அங்கே யாவும் இறக்கலாம், புதிதாய் ஒன்றும் பிறப்பதில்லை என்பது அவர் எய்திய முடிவு. இக்கடுந் தீர்ப்பை, இயலுமாயின், வருங்கால விஞ்ஞானம் மாற்றட்டும் என்ற பொருளில் ஒரு வாயிலையும் அவர் திறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த மூன்று தலைமுறையினர் தீர்ப்பை மனனஞ் செய்தனர், வாயிலை மறந்தனர். குரு கூறியதில் உரத்ததைப் பற்றி, மெல்லியதை விட்டுவிடுதல் எம்முடைய உரைமரபிலும் உண்டு.

1960களில் யோசேப் அல்ற்மன் என்பார் அமெரிக்காவில், வளர்ந்த எலிகளின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுவதற்கு அடையாளங் கண்டார். நெடுங்காலம் அவரை எவரும் செவிமடுக்கவில்லை. 1998 இல், இறந்த சில புற்றுநோயாளரின் மூளைகளைச் சோதித்த குழுவொன்று, மனிதரிலும் அவ்வாறு நிகழ்வதற்குச் சான்று காட்டியது. அவை தோன்றிய இடம் ஹிப்போகாம்பஸ் என்னும் பாகம். கிரேக்க மொழியிற் கடற்குதிரை என்று பொருள். வடிவொப்புமையால் வந்த பெயர். புதிய நினைவுகள் பதிவதற்கு வாயில் அது. அல்ஸைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்றும் அதுவே. 1999 இல், கலிபோர்னியாவிலுள்ள சோல்க் ஆய்வு நிலையத்தில், ஹென்றியெற் வான் பிராக், பிரெட் கேஜ் முதலானோர் சுண்டெலிகளின் கூட்டிலே ஓடுதற்குரிய சில்லொன்றை வைத்தனர். சில்லில் ஓடிய எலிகளின் அப்பாகத்தில் ஓடாதவற்றினும் மிகுதியான புதுக்கலங்கள் தோன்றிப் பிழைத்தன. பாரந் தூக்கிய வாலிபன் தன் மூளையைக் கொள்ளையிடுகிறான் என்று கஹால் எண்ணியதற்கு மறுதலையான விடை, ஓர் எலியின் காலிலிருந்து வந்தது. மனித மூளையில் முதிர்ந்த வயதிற் புதுக்கலம் பிறக்கிறதா என்பதில் இன்னும் பிணக்குண்டு. 2018 இலே ஒரு குழுவினர் இல்லையென்றும் வேறொரு குழுவினர் உண்டென்றும் எழுதினர். கஹால் இருந்திருந்தால் தகட்டைக் கொண்டுவா என்றிருப்பார்.

கலம் பிறத்தலைப் பற்றிய வழக்கு எவ்வாறாயினும், நடப்பவர்க்கு நன்மையுண்டு என்பதற்கு வேறு சான்றுகளும் வந்தன. 2011 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, மறதிநோய் இல்லாத 120 முதியோரை இரு கூறாக்கி, ஒரு சாராரை வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடக்கச் செய்தனர். மறுசாரார்க்கு உடம்பை நீட்டி நிமிர்த்தும் இலேசான பயிற்சி. ஓராண்டின் பின், நடந்தோரின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு பருத்திருந்தது; மற்றையோரில் 1.4 பங்கு சுருங்கியிருந்தது. தசை இயங்கும்போது மூளைக்குச் செல்லும் குருதி மிகுகின்றது. நரம்புக்கலங்களுக்கு எருப்போல உதவும் ஒருவகைப் புரதமும் அதிகரிக்கின்றது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுக்குள் நிற்பதால் மூளையின் நுண்குழாய்கள் காக்கப்படுகின்றன. எம்மூரிலே நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டியிருக்கையில், இந்த இறுதிக் காரணமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயாளருக்கும் முறையான பயிற்சி நடையையும் சமநிலையையும் திருத்துகின்றது.

இவ்வளவையும் அறிந்தபின், என் ஆசிரியருக்கு நேர்ந்ததற்குக் காரணங் கண்டுவிட்டேன் என்று எண்ணினேன். அவர் கடைசியிற் பல ஆண்டுகள் வீட்டைவிட்டு அசையாதிருந்தவர். மாலைதோறும் கோயிலுக்கு நடந்து செல்லும் வழக்கத்தை அறுபது வயதளவிற் கைவிட்டார். பழைய மாணாக்கர் இங்கும் என்னை மறித்தார். 2017 இல் பிரித்தானியாவில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்க ஊழியரை 28 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நடுவயதில் உடலுழைப்பு மிக்கோர்க்கு மறதிநோய் குறைந்ததாக அதிற் காணப்படவில்லை. ஆனால் நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் வரை முன்னரே அந்நோயாளரின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. நடவாமையால் மறதி வந்ததோ, வரவிருக்கும் மறதி முதலில் நடையை நிறுத்திற்றோ என்று ஐயுற வேண்டியதாயிற்று. 2018 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஏற்கெனவே நோயுற்ற 494 பேரிற் பெரும்பாலோருக்குக் கடும்பயிற்சி அளித்தும், உடல் தேறிற்றேயன்றி அறிவின் தேய்வு நிற்கவில்லை. 2024 இல் லான்செற் சஞ்சிகையின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளைக் காட்டி, அவை அனைத்தையும் அகற்றினால் உலகின் மறதிநோயில் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் என்று கணித்தது. உடலுழைப்பின்மை அவற்றுள் ஒன்று; ஒன்றே ஒன்றன்று. செவிக்குறைவும் தனிமையும் கல்வியின்மையும் அப்பட்டியலில் இருக்கின்றன. என் ஆசிரியர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியது எதனால் என்பது இனி எனக்குத் தெரியவரப் போவதில்லை. வழியை மறக்கத் தொடங்கியதை எவர்க்கும் சொல்ல நாணித் திண்ணையோடு நின்றாரோ என்று இப்போது நினைக்கிறேன். அந்நாட்களில் யான் அவருடன் கூட நடந்திருக்கலாம்.

கஹாலின் முதுமையும் மூளையோடு தொடர்புடையதாகவே அமைந்தது. 1922 இல், எழுபதாம் வயதில், மட்றிட் சர்வகலாசாலையிலிருந்து ஓய்வு பெற்றார். மூளையின் குருதிக்குழாய்கள் தடித்துவிட்டன என்று வைத்தியர் கூறியிருந்தனர். தலை கொதித்தது, உறக்கங் கெட்டது, தாம் விரும்பிச் சென்ற கோப்பிக்கடைச் சபைகளை விடவேண்டியதாயிற்று. 1930 இல் மனைவியார் காலமானார். மூளையை ஆராய்ந்த மனிதர் தம் மூளை தேய்வதைத் தாமே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததை எழுதினார்: கண் மங்குதல், செவி தளர்தல், நினைவு நழுவுதல் ஆகியவற்றை, பிறருடைய உறுப்பைப் பற்றி எழுதுபவர்போலக் குறித்துவைத்த நூல் 1934 இல் வெளிவந்தது. எண்பது வயதிற் கண்ட உலகு என்பது அதன் பெயரின் பொருள். அந்த ஆண்டு ஒக்டோபர் மாதம் 17 ஆந் திகதி, எண்பத்திரண்டாம் வயதில், மட்றிட்டில் இறந்தார். அவர் விருப்பப்படி மனைவியாரின் பக்கத்தில் அடக்கஞ் செய்தார்கள்.

நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது வைத்தியர் வேறொன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் ஐயா என்று மாத்திரம் கேட்டார். காலையில் இருபது நிமிடம், மாலையில் அவ்வளவு என்றேன். அறுந்த சூத்திரம் சிலவேளைகளில் இன்னும் அறுகிறது. அதனை நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன். சென்ற தவணையிற் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், தேகாப்பியாச ஆசிரியர் வழக்கம்போல் என்னிடம் வந்து, தமது பாடவேளை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, சுகயீனமோ என்று வினாவினார்.